ஒரு முழம், ஒரு நொடி

35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் என்பதால் ஒரு நொடி ஒன்றரை அடி, ஒரு நிமிடம் 90 அடி. 14,000 அடி நீளமுள்ள படம் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டி இன்னும் ஐந்து நிமிடம் ஓடும். இந்த வாய்பாட்டைத் தரமணி பிலிம் இன்ஸ்டிடியூட்டில் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்தார்கள். படிப்பை முடித்து வடபழனியில் ஓர் எடிட்டிங் அறையில் உதவியாளனாகச் சேர்ந்தபோது, அங்கே ஒருவரும் அடிக்கணக்கு பேசவில்லை. முழக்கணக்கு பேசினார்கள்.

“அந்த ரியாக்‌ஷனை ஒரு முழம் விடு.” “இவன் திரும்புறதுல அரை முழம் எடு.”

எனக்குப் புரியவில்லை. எங்கள் அசோசியேட் அண்ணன் ஒரு பாசிட்டிவ் துண்டை என் கையில் கொடுத்து, “முழங்கையில இருந்து நடுவிரல் நுனி வரைக்கும் வெச்சுப் பாரு தம்பி. எத்தனை ஃபிரேம் வருதுன்னு எண்ணு” என்றார். முழம் என்பது பதினெட்டு அங்குலம், அதாவது ஒன்றரை அடி, அதாவது 24 ஃபிரேம். பூக்காரம்மா மல்லிகையை அளந்து கிள்ளிக் கொடுக்கிற நீளத்துக்குள் சினிமாவின் ஒரு நொடி கூடாமல் குறையாமல் உட்கார்ந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். என் கையில் 23 தான் வந்தது. “உனக்கு ஒரு ஃபிரேம் குறையுது. அளக்கும்போது ஒண்ணு சேர்த்துக்க” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து சேர்த்துக்கொண்டேன்.

சினிமாத் தொழிலை நான் கற்றுக்கொண்டது இந்த இரண்டு இடங்களில். எது உயர்ந்தது என்ற சண்டை கோடம்பாக்கத்தில் அந்தக் காலத்தில் பலமாக இருந்தது. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

தரமணிக்கு நான் வந்தது 1984-இல். எம்.ஜி.ஆர். பெயர் அதற்கு அப்போது வரவில்லை. அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அப்பா தேனிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. அரசாங்கக் கல்லூரி, டிப்ளமோ சான்றிதழ் உண்டு என்று தெரிந்த பிறகே சம்மதித்தார். ஒளிப்பதிவுக்கும் இயக்கத்துக்கும்தான் பெரிய போட்டி. ஒளிப்பதிவு மாணவர்கள் பி.சி. ஸ்ரீராம் எங்கள் ஆள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்கள். எடிட்டிங் வகுப்பில் நாங்கள் கொஞ்சம் பேர்.

அங்கே இருந்த நாட்களில்தான் 1986-இல் ‘ஊமை விழிகள்’ வந்தது. ஆபாவாணன், அரவிந்தராஜ் என்று எங்களுக்கு முன்னால் அதே வராந்தாவில் நடந்தவர்கள் எடுத்த படம். விஜயகாந்த் போலீஸ் அதிகாரியாக நடித்திருந்தார். பிலிம் இன்ஸ்டிடியூட் பையன்கள் எடுத்த படம் என்று விளம்பரத்திலும் பேச்சிலும் அடிபட்டது. அதுவரைக்கும் எங்களைக் கோடம்பாக்கத்தில் காகிதம் படித்தவர்கள் என்றுதான் நினைத்தார்கள். அந்தப் படம் ஓடிய ஓட்டத்தில் எங்கள் விடுதியில் ஒவ்வொருவனும் ஒரு திரைக்கதை எழுத ஆரம்பித்தான். நானும் எழுதினேன். ஆனால் என் மனது எழுத்தில் நிற்கவில்லை, எடிட்டிங் மேஜைக்கே திரும்பத் திரும்பப் போனது.

அதற்குக் காரணம் ஒரு பயிற்சி. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே ரஷ்ஷைக் கொடுத்து ஒரு காட்சியை அமைக்கச் சொன்னார்கள். இருவர் பேசிக்கொள்ளும் சின்னக் காட்சி. ஒருவர் எழுந்து ஜன்னல் கதவைச் சாத்துவார், மற்றவர் உட்கார்ந்தே இருப்பார். ஆளுக்கொரு பிரதி போட்டுத் தர யாரிடம் பணம் இருக்கிறது? இருந்தது ஒரே பாசிட்டிவ். ஒருவர் வெட்டி ஒட்டிக் காட்டியதும் அதைப் பிரித்து, பழையபடி டேப் போட்டு நீளமாக ஒட்டி, அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். என் முறை கடைசிப் பக்கம் வந்தது. ஃபிலிம் முழுக்க டேப். முன்னால் வெட்டியவர்கள் எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று ஒட்டுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவர் எழுவதற்கு முன் ஒரு கொத்து ஒட்டு. உட்கார்ந்த பிறகு ஒரு கொத்து. வசனம் முடிகிற இடங்களில் எல்லாம் ஒட்டு. எழுகிற அசைவின் நடுவில் மட்டும் ஃபிலிம் புதிதாகப் பளபளவென்று இருந்தது. யாரும் அங்கே கை வைக்கவில்லை. நான் அங்கே வெட்டினேன். பாதி எழும்போது வெட்டி, மீதியை ஜன்னல் பக்கமிருந்து எடுத்த ஷாட்டில் தொடர்ந்தேன். வெட்டு கண்ணுக்குத் தெரியவே இல்லை. அசைவில் வெட்டினால் ஒட்டு மறையும் என்பது பாடப்புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிற விஷயம். படித்திருந்தோம். ஆனால் விரல் அதைத் தானாகக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

குலெஷோவின் சோதனையையும் அங்கேதான் படித்தேன். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு தட்டு சூப்புக்குப் பக்கத்திலும், ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்திலும், ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலும் வைத்தால் பார்ப்பவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் காண்கிறார்கள் என்பது அது. ‘பொட்டம்கின்’ படத்தின் ஒடெஸ்ஸா படிக்கட்டுக் காட்சியை ஷாட் ஷாட்டாக எண்ணி நோட்டில் எழுதினோம். ‘பதேர் பாஞ்சாலி’யைப் பார்த்துவிட்டு வந்த இரவு, அந்தப் படத்தில் அப்பா வெளியூரிலிருந்து வாங்கி வந்த சேலையை சர்பஜயாவிடம் நீட்டுகிற காட்சியைப் பற்றி மட்டும் விடியும் வரை பேசினோம். இதையெல்லாம் யோசிக்கவும் பேசவும் யாரும் விரட்டாத மூன்று வருஷம் கிடைத்தது பெரிய செல்வம். தொழிலுக்குள் நுழைந்த பிறகு அப்படி ஒரு வாரம்கூட வாய்க்கவில்லை.

சான்றிதழோடு வடபழனிக்கும் சாலிகிராமத்துக்கும் நடந்தபோது அது எந்தக் கதவையும் திறக்கவில்லை. கோடம்பாக்கம் குருகுலமாகவே வளர்ந்த ஊர். எடிட்டிங் அறையிலிருந்து வந்து பெரிய இயக்குநர்கள் ஆனவர்கள் அங்கே நிறைய. பீம்சிங், கிருஷ்ணன்-பஞ்சுவிடம் எடிட்டிங் உதவியாளராகத் தொடங்கியவர். எஸ்.பி. முத்துராமன் ஏவி.எம்.மின் எடிட்டிங் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்து மேலே வந்தவர். அவர்கள் யாரும் டிப்ளமோ வாங்கவில்லை என்பதை எனக்கு எடுத்துச் சொல்லாத எடிட்டர் இல்லை. “இன்ஸ்டிடியூட்டா? அப்போ கேள்வி கேப்பியே” என்றார் ஒருவர், வாசலிலேயே. வேறொருவர் டீ வாங்கிக் கொடுத்து, சங்கத்தில் கார்டு வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பினார். கார்டு வாங்க ஒரு எடிட்டர் கையெழுத்துப் போட வேண்டும். எடிட்டர் சேர்த்துக்கொள்ள கார்டு வேண்டும். இந்த வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். விருகம்பாக்கத்தில் நான்கு பேர் தங்கிய அறையில் வாடகைக்கு என் பங்கை ஒலிப்பதிவு படித்த நண்பன் கொடுத்துவந்தான். அவன்தான் கடைசியில் ஒரு டப்பிங் தியேட்டரில் பழகிய எடிட்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். “வியர்க்குமா?” என்று மட்டும் கேட்டார். வியர்க்காது என்றேன். மறுநாள் வரச் சொன்னார்.

வியர்வைக் கேள்வியின் பொருள் நெகட்டிவைத் தொடும்போது விளங்கியது. ஆனால் நெகட்டிவ் பக்கம் போகப் பல மாதம் ஆனது. முதல் வேலை ஓடுவது. லேபிலிருந்து ரஷ் டப்பாக்களை வாங்கி வர வேண்டும். சவுண்ட் தியேட்டரிலிருந்து பைலட் டிராக் வரும். ஷூட்டிங்கில் வசனத்தைத் தோராயமாகப் பதிந்து, படம்போலவே துளையிட்ட மேக்னெடிக் ஃபிலிமுக்கு மாற்றியது அது. படத்தில் கிளாப் கட்டையின் இரண்டு பலகையும் சேர்கிற ஃபிரேமைத் தேடிக் கிரீஸ் பென்சிலால் பெருக்கல் குறி. டிராக்கில் ‘டக்’ என்ற சத்தம் விழுகிற இடத்தில் இன்னொரு குறி. இரண்டையும் சிங்க்ரொனைசரின் பற்சக்கரங்களில் ஒன்றுக்கொன்று நேராக மாட்டினால் உதடும் ஒலியும் பொருந்தும். காலை முழுக்க இதுதான்.

பிறகு நோட்டு. நெகட்டிவின் ஓரத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு எண் கம்பெனியிலேயே அச்சாகி வரும். பாசிட்டிவ் போடும்போது அந்த எண்ணும் சேர்ந்து விழும். கீ நம்பர் என்போம். சீன், ஷாட், டேக், ஓ.கே.யா என்.ஜி.யா, எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிகிறது என்று ஒன்று விடாமல் எழுதி வைக்க வேண்டும். எடிட்டர் பாசிட்டிவில் எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம். தயாரிப்பாளரின் மொத்தப் பணமும் ஒரே ஒரு நெகட்டிவில் இருக்கிறது. அதைச் சுரண்டி சிமெண்ட் போட்டு ஒட்டும்போது, வெட்டுக்கு அடுத்த ஃபிரேம் ஒட்டுக்கே பலியாகிவிடும். மாற்றி யோசிக்க முடியாது. பாசிட்டிவில் முடிவானதை நெகட்டிவில் எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்வது அந்த எண்தான். நெகட்டிவ் கட்டிங் அறையில் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெரியவர் இருந்தார். நான் எண்ணைப் படிக்க, அவர் திரும்பப் படிக்க, மூன்றாவது முறை இருவரும் சேர்ந்து படித்த பிறகே கத்திரியை எடுப்பார். அந்தப் பொறுமை தரமணியில் பாடமாக இருந்திருந்தால் நான் அதை ஒரு பாடமாகவே மதித்திருக்க மாட்டேன்.

கீ நம்பரில் ஒரு சிக்கல் உண்டு. எண் அடிக்கு ஒருமுறைதான் வரும். ஆக 16 ஃபிரேமுக்குக் குறைந்த துண்டில் எண்ணே இல்லாமல் போகலாம். அந்தத் துண்டு யாருடையது, எந்த டேக், என்று ஃபிலிம் தானாகச் சொல்லாது.

அப்படி ஒரு துண்டைத் தேடிய இரவு என் நினைவில் முழுதாக இருக்கிறது. டபுள் பாசிட்டிவ் போட்டுப் பார்த்துவிட்டு வந்த இயக்குநர், ஒரு பெண் தலைநிமிர்ந்து பார்க்கிற இடம் முதலில் இருந்ததுபோல இல்லை என்றார். எடிட்டர் சார் ஒரு நொடி யோசித்து, “ஆறு ஃபிரேம் எடுத்தோம்” என்றார். ஆறு ஃபிரேம் என்றால் கால் முழம், நாலரை அங்குலம். துணிப்பை கட்டிய ஐந்து டிரிம் கூடைகள் அறை முழுக்க நிற்கின்றன. ஆணிகளில் நூற்றுக்கணக்கில் துண்டுகள் தொங்குகின்றன. அசோசியேட் அண்ணன் தரையில் வெள்ளை வேட்டியை விரித்தார். கூடைகளின் அடியில் விழுந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாக அதன்மேல் பரப்பினோம். “முகத்தைத் தேடாத. எல்லா டேக்லயும் அதே முகம்தான். பின்னால கதவுத் தாழ்ப்பாள் எங்க இருக்குன்னு பாரு” என்றார். அந்த டேக்கில் மட்டும் காமிரா ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்ந்திருந்தது, அதனால் தாழ்ப்பாள் ஃபிரேம் ஓரத்தில் வெட்டுப்பட்டுத் தெரியும். மணி ஒன்றைத் தாண்டியது. வேறொரு ஷாட்டின் ரோலில் போட்டிருந்த ரப்பர் பேண்டுக்குள் சுருண்டு கிடந்தது அது. வெளிச்சத்தில் பிடித்தேன். பாதித் தாழ்ப்பாள். ஆறு ஃபிரேமிலும் அந்தப் பெண்ணின் கண் இமை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

காலையில் சார் வந்து அதை ஒட்டி, மூவியோலாவில் ஓட்டிப் பார்த்தார். மறுபடி பிரித்தார். நான்கு ஃபிரேமை மட்டும் வைத்துக்கொண்டு மீதி இரண்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “இது அதிகம். கூப்பிட்டதும் பாக்குற மாதிரி இருக்கு. அவ கூப்பிடாமலே பாக்குறா.” மிகச் சிறிய கால அளவு அது. ஆனால் அந்த இரண்டு ஃபிரேம் இல்லாமல் பார்த்தபோது அந்தப் பெண் வேறு பெண்ணாக இருந்தாள். நான் பார்த்தேன். அதனால் சொல்கிறேன்.

அந்த இரண்டு ஃபிரேமுக்கும் டேப் ஒட்டி, சீன் எண், டேக் எண் எழுதி ஆணியில் மாட்டினேன்.

சார் அதிகம் பேச மாட்டார். அறைக்குள் நான்கு பேர் நின்றாலும் மூவியோலாவின் கடகடப்பு மட்டும் கேட்கும். அவர் பேசுவது ரீவைண்ட் செய்யும் நேரத்தில்தான். ஆயிரம் அடி ரோலின் கடைசியில் இருக்கிற ஷாட் வேண்டுமென்றால் ரீவைண்டரைக் கையால் சுற்றிப் போய்ச் சேர வேண்டும். சில நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் அவருக்கும் வேலை இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தான் செய்யப்போவது என்ன என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்வார். கேள்வி கேட்பது என்றால் அப்போது கேட்க வேண்டும். இன்ஸ்டிடியூட் பையன் கேள்வி கேட்பான் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். இவர் என் கேள்விகளை விரும்பினார் என்பதை, நான் கேட்காமல் இருந்த ஒரு நாளில் “என்னய்யா, இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டபோது தெரிந்துகொண்டேன். ரீவைண்டரை மெதுவாகச் சுற்றக் கற்றுக்கொண்டேன்.

ஒரு குடும்பப் படம். வயதான அப்பா மகன் வீட்டிலிருந்து கிளம்புகிறார். கடைசி வார்த்தை பேசித் திரும்பி, வாசலைத் தாண்டி ஃபிரேமைவிட்டுப் போகிறார். நான் படித்த படிப்பின்படி அவர் வாசலைத் தாண்டும் அசைவில் வெட்டி மருமகள் முகத்துக்குப் போக வேண்டும். சார் அவரை முழுதாகப் போகவிட்டு, ஆள் இல்லாத வாசலை அரை முழம் விட்டுப் பிறகு வெட்டினார். 12 ஃபிரேம். ரீவைண்ட் செய்யும்போது, ஏன் சார், அங்கே ஒன்றுமே இல்லையே என்று கேட்டேன்.

“போயிட்டார்னு நமக்குத் தெரிய வேண்டாமா? ஆள் தெரியுற வரைக்கும் அது தெரியாதுய்யா. வெறும் வாசலைப் பாத்தாத்தான் தெரியும்.”

“அப்போ ஒரு முழம் விடலாமே சார்.”

“ஒரு முழம் விட்டா யாரோ வரப்போறாங்கன்னு நினைச்சுக்குவாங்க.”

படம் வந்த வாரம் வடபழனி கமலா தியேட்டரில் போய்ப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா. அப்பா பேசும்போது அவர் அமைதியாக இருந்தார். திரும்பும்போதும் அமைதி. வாசல் வெறுமையானதும், அந்த அரை நொடிக்குள், ‘த்சொ’ என்றார். சார் தியேட்டரில் உட்கார்ந்திருக்கவில்லை, அந்த அம்மாவை அவர் பார்த்ததும் இல்லை. அந்த அம்மா எப்போது உச்சுக்கொட்டுவார் என்பது மட்டும் சாருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த எடிட்டிங்கில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

தொழிலின் மற்றப் பக்கங்களும் அந்த வருஷங்களில்தான் பழகின. டப்பிங்குக்காக ஒவ்வொரு வசனத்தையும் தனித்தனி வளையமாக ஒட்டித் தர வேண்டும். வளையம் திரையில் சுற்றிச் சுற்றி வர, நடிகர் உதடு பொருந்தும் வரை பேசுவார். ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கில் வளையங்கள், ஒன்று மாறினாலும் தியேட்டரில் எல்லோரும் காத்திருப்பார்கள். ரீல்களை ஆர்.ஆர். என்கிற பின்னணி இசைப்பதிவு நடக்கும் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், பின் வரிசையில் நின்று பார்க்க விடுவார்கள். மாதக்கணக்கில் ஊமையாகப் பார்த்த காட்சிக்கு முதல் முறையாக வயலின் வரும்போது, நாங்கள் விட்ட இடைவெளிகள் எதற்கென்று எங்களுக்கே அப்போதுதான் தெரியும். நல்ல இசையமைப்பாளர் வெட்டின்மேல் தாளம் அடிப்பதில்லை, கொஞ்சம் தள்ளி வருவார்.

சென்சாருக்கு நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன். அவர்கள் சொன்ன இடத்தை வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய துண்டையும், நெகட்டிவ் உட்பட, கணக்கோடு ஒப்படைக்க வேண்டும். அந்தத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போவது என் வேலை. ஒருமுறை ஒரு சண்டைக் காட்சியில் ரத்தம் தெரியும் ஷாட்டுகளை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவற்றில் ஒன்றில், சண்டைக்கு நடுவே கதாநாயகனின் அம்மாவாக நடித்தவர் தூரத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். படத்தில் வேறு எந்த ஷாட்டிலும் அந்த அம்மாள் அப்படி நடிக்கவில்லை. அதுவும் சேர்ந்து டப்பாவுக்குள் போனது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனபோது எனக்குத் தாங்கவில்லை.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேட்டா வந்தால் சாப்பாடு. ஒரு தயாரிப்பாளர் பட வெளியீட்டுக்குப் பிறகு தருகிறேன் என்று சொன்ன சம்பளத்தைத் தரவே இல்லை. இன்னொரு படத்தில் டைட்டில் கார்டில் உதவியாளர்கள் பெயரை இடமில்லை என்று எடுத்துவிட்டார்கள். அந்த டைட்டிலின் நெகட்டிவை எண் படித்துக் கொடுத்ததும் நாங்கள்தான். அசோசியேட் அண்ணனுக்கு அது முதல் முறை அல்ல. கார்டு எனக்குக் கிடைத்தது சார் கையெழுத்தில். அதைக் கொடுத்த அன்று அவர் சொன்னது, “இனிமே கேள்வியை நான் கேப்பேன்” என்பதுதான். அதன் பிறகு ரீவைண்ட் நேரங்களில் அவர் என்னைக் கேட்டார். இந்த இடத்தில் நீ என்ன செய்வாய், ஏன்? நான் சொன்னதை இரண்டு மூன்று இடங்களில் செய்தும் பார்த்தார். ஓர் இடத்தில் அப்படியே வைத்துக்கொண்டார். அது எந்தப் படம், எந்த வெட்டு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அது அவர் படம்.

பிறகு கணினியில் வெட்டும் ஆவிட் வந்தது. 1994-இல் வந்த ‘மகாநதி’யை இந்தியாவில் ஆவிட்டில் எடிட் செய்த முதல் படம் என்று சொல்வார்கள். சில வருஷங்களில் சென்னையில் மூவியோலாக்களுக்குத் துணி போர்த்திவிட்டார்கள். நான் தனியாக எடிட்டராகத் தொடங்கியது அந்த மாற்றத்தின் நடுவில். கணினியில் வெட்டினாலும் கடைசியில் நெகட்டிவைத்தான் வெட்ட வேண்டும் என்ற காலம் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் நீடித்தது. கீ நம்பர் தெரிந்த எங்களுக்கு அப்போது நல்ல மதிப்பு. 2010-க்குப் பிறகு லேப்கள் மூடத் தொடங்கியதும் அதுவும் முடிந்தது.

ஆவிட்டை நான் மனதார வரவேற்றேன். நாலரை அங்குலத்துக்காக இரவு ஒரு மணிவரை தரையில் உட்கார வேண்டாம். ஒரு காட்சியை ஐந்து விதமாக வெட்டி, ஐந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தேடுகிற ஷாட் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும். அப்படி வந்து நிற்பதால்தான் ரீவைண்ட் நேரம் போய்விட்டது. அதோடு உதவியாளர் நின்ற இடமும் போய்விட்டது. ஒரே மெஷின், விலை அதிகம், வாடகை மணிக்கணக்கு. பகலில் எடிட்டர் வெட்டுவார். இரவில் உதவியாளர் வந்து ரஷ்ஷை ஏற்றி, ஒழுங்கு செய்து, விடியும்போது போய்விடுவார். இருவரும் பார்த்துக்கொள்வதே இல்லை. மெஷின்கள் மலிந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. இன்று வேறு ஊரிலிருந்தே ஹார்டு டிஸ்க்கை அனுப்பி வேலை நடக்கிறது. உதவியாளர்களுக்கு மென்பொருள் என்னைவிட நன்றாகத் தெரியும். ஓர் எடிட்டர் தயங்குவதை அவர்கள் பார்த்ததில்லை. நான்கு ஃபிரேமா ஆறா என்று ஒருவர் முடிவு செய்யும்போது அருகில் நிற்காத ஒருவருக்கு அந்தத் தொழிலை எப்படிக் கடத்துவது? இணையத்தில் எல்லாப் பாடமும் கிடைக்கிறது என்கிறார்கள். வெட்டியதைக் காட்டும் பாடங்கள் அவை. வெட்டாமல் விட்ட வாசலைப் பற்றிக் கேட்க ஆள் வேண்டும்.

இப்போது என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் தரமணியிலிருந்து வந்த பெண், இன்னொருவர் கல்லூரிப் பக்கமே போகாதவர், செல்போனில் கல்யாண வீடியோ வெட்டிப் பழகியவர். சேர்ந்ததும் முதல் படத்தில் இருவரையும் ஓ.கே. டேக்கோடு என்.ஜி. டேக்கையும் முழுதாகப் பார்த்துக் குறிப்பெழுதச் சொன்னேன். டிஜிட்டல் வந்த பிறகு காமிராவை நிறுத்துவதே இல்லை, அதனால் ரஷ் மலைபோலக் குவிகிறது; யாரும் முழுக்கப் பார்ப்பதில்லை. அந்தப் பெண் எழுதிக் கொடுத்த குறிப்பில், ‘கட் சொன்ன பிறகு நடிகர் மூச்சு விடுகிறார், இதைப் பயன்படுத்தலாம்’ என்று ஓர் இடத்தில் இருந்தது. பயன்படுத்தினோம்.

புதிய படம் ஒப்புக்கொள்ளும்போது என் சம்பளத்துக்குக் கீழே ஒரு வரியையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறேன்: எடிட்டிங் நடக்கும் நேரமெல்லாம் உதவியாளர் ஒருவர் அறைக்குள் இருப்பார், அவருக்கு அந்த நாட்களின் சம்பளம் உண்டு. இயக்குநர்கள் சிலர் முதலில் முகம் சுளிக்கிறார்கள். தங்கள் குழப்பத்தைச் சின்னப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமா என்ற கூச்சம் அவர்களுக்கு. ஒரு தயாரிப்பு நிர்வாகி, சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு எதற்குச் சம்பளம் என்று நேராகவே கேட்டார். உட்கார்ந்திருப்பதற்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.